கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியாச்சு, திரை வரல: கேள்வி பதில்

ஒரு வேண்டுகோள்: கம்ப்யூட்டரின் மாடல், பவர் சப்ளை லேபிளில் எழுதியிருப்பது, கார்டின் பெயர் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். "டிஸ்ப்ளே வரல" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்கணும்.

கே: ஆர்டிஎக்ஸ் 3060 மாட்டினேன். ஃபேன் சுத்துது, மானிட்டர்ல "நோ சிக்னல்". கார்டு போச்சா அண்ணா?

ப: மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கு? மதர்போர்டில் இருந்தால் பிடுங்கி, கார்டில் உள்ள எச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள். கார்டு உட்கார்ந்ததும் பல போர்டுகள் பழைய வெளியீட்டைத் தானே அணைத்துவிடும். அடுத்து, 8 பின் பவர் கேபிள் மாட்டினீர்களா, கார்டு மதர்போர்டின் ஸ்லாட்டில் "கிளிக்" என்று இறங்கியதா என்று பாருங்கள்.

கே: கம்ப்யூட்டரோட கூடவே வந்த பவர் சப்ளை 300 வாட். இதே 3060க்கு 550 வாட் வேணும்னு போட்டிருக்கான். ஓடுமா?

ப: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். கார்டுக்கு கரண்ட் இரண்டு வழியில் வருகிறது. ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட். மீதி தனிக் கேபிளில்: 6 பின் என்றால் 75, 8 பின் என்றால் 150. ஆர்டிஎக்ஸ் 3060 சுமார் 170 வாட் எடுக்கும். அதனால்தான் அதில் 8 பின் இருக்கிறது.

550 என்பது மட்டமான பவர் சப்ளையையும் மனதில் வைத்து தாராளமாகப் போட்ட எண். நீங்கள் பார்க்க வேண்டியது லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியர். உதாரணமாக 18 ஆம்பியர் என்றால் 12 x 18 = 216 வாட். கார்டுக்கு 170 போனால் மிச்சம் 46. அதில் பிராசசர் எப்படிப் பிழைக்கும்? 65 வாட் என்று எழுதியிருக்கும் சிப்கூட டர்போவில் (தானே வேகம் கூட்டும்போது) 100ஐத் தாண்டுவது சகஜம். கேம் திறந்ததும் மெஷின் பட்டென்று அணையும்.

பவர் சப்ளையை மாற்றலாமே என்பீர்கள். கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைத் திறந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய கேபிளில் எத்தனை பின் என்று எண்ணுங்கள். 24 பின் என்றால் பெரும்பாலும் கவலையில்லை, பெட்டியில் இடமிருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். பிராண்டட் மெஷின்கள் பலவற்றில் 6, 8, 10 பின் என்று சொந்தமாக ஏதாவது வைத்திருப்பார்கள். மாற்றுக் கேபிள் விற்கிறார்கள். ஆனால் பின் வரிசை மாடலுக்கு மாடல் வேறு. உங்கள் மாடலுக்கென்றே செய்ததா என்று உறுதி செய்யாமல் சொருகினால் போர்டு காலி.

இதெல்லாம் வேண்டாமென்றால் தனிக் கேபிள் கேட்காத கார்டு எடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட், ஆர்எக்ஸ் 6400 சுமார் 53 வாட். ஆனால் 6400க்கு நான்கே லேன் (போர்டோடு தரவு போய்வரும் பாதை), பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை ஸ்லாட் உள்ள போர்டில் வேகம் அடிபடும்.

கே: என் பவர் சப்ளையில 8 பின் கேபிளே இல்ல. சாட்டாவை (டிஸ்குக்குக் கரண்ட் போற கேபிள்) 8 பின்னா மாத்துற அடாப்டர் வாங்கலாமா?

ப: கூடாது.

கே: (இன்னொருவர்) நான் அதே மாதிரி சாட்டா அடாப்டர்லதான் வருஷக்கணக்கா ஓட்டுறேன். சும்மா பயமுறுத்தாதீங்க சார்.

ப: என்ன கார்டு?

கே: ஜிடிஎக்ஸ் 1650 சூப்பர், 6 பின்.

ப: அது 100 வாட் கார்டு. ஒரு பங்கை ஸ்லாட்டே கொடுத்துவிடுகிறது, அதனால் கேபிள் தப்பித்தது. சாட்டா பவரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 8 பின் கேட்பது 150.

கே: (வேறொருவர்) ரெண்டு சாட்டாவைச் சேர்த்தா 108 ஆயிடுமே?

ப: 108 எப்போது 150 ஆனது? அந்த இரண்டு சாட்டாவும் பெரும்பாலும் ஒரே வயரில்தான் தொங்கும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. முதலில் உருகுவது அந்தச் சின்ன பிளாஸ்டிக் முனை.

கே: எங்க வீட்ல இன்னும் எதுவும் உருகலையே.

ப: சந்தோஷம். கேம் ஒரு மணி நேரம் ஓடியதும் முனையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மெஷினை அணைத்துவிட்டு வந்து பேசலாம்.

கே: புது கார்டு, டிஸ்ப்ளே வரல.

ப: முதல் பதில்.

கே: மாடுலர் (கேபிளைக் கழட்டி மாட்டுற) பவர் சப்ளை வாங்கினேன். பழைய சப்ளையோட கேபிளே போதுமா?

ப: போதாது. கார்டுப் பக்க முனை ஒன்றாக இருந்தாலும் சப்ளைப் பக்கத்துக்குப் பொதுத் தரம் கிடையாது. கூட வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். கேபிள் மாறினால் போர்டும் டிஸ்கும் காலியாகலாம்.

கே: கார்டைக் கழட்டினா ஸ்கிரீனே வரல.

ப: பிராசசர் பெயர் "எஃப்" என்று முடிகிறதா? அந்த இன்டெல் சிப்களில் கிராஃபிக்ஸ் கிடையாது.

கே: லேப்டாப்ல கார்டு மாத்தலாமா?

ப: லேப்டாப் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கே: எச்டிஎம்ஐ சொருகினேன், நோ சிக்னல்...

ப: முதல் பதில், முதல் வரி.

கே: எல்லாம் சரியா மாட்டியிருக்கு, கேபிளும் கார்டுலதான். பழைய பிராண்டட் மெஷின். பீப் அடிச்சு நின்னுடுது.

ப: உங்களுக்கு மட்டும் வேறு பதில். பழைய பயாஸ் (மெஷினை ஏற்றும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) சில புதிய கார்டுகளை அடையாளம் காணாது. கார்டைக் கழற்றி, போர்டின் சொந்த கிராஃபிக்ஸில் மெஷினை ஏற்றி, தயாரிப்பாளர் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான பயாஸை மட்டும் போடுங்கள். பாதியில் கரண்ட் போகக் கூடாது. பிறகும் பீப் என்றால் அது எத்தனை நீளம், எத்தனை குட்டை என்று எண்ணி எழுதுங்கள்.