ஐந்து நாள் பட்டினி

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 41. சென்னை கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். ஐந்து நாள் வெறும் தண்ணீர் மட்டும் குடித்து இருந்து பார்க்கலாம் என்று ஆசை. உடம்பில் உள்ள கழிவெல்லாம் போய்விடும், மூளை தெளியும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். இந்த வேலையை விடுவதா வேண்டாமா என்று ரொம்ப நாளாகக் குழப்பம். தெளிவு வந்தால் முடிவெடுத்துவிடுவேன். சுகருக்குக் காலையில் ஒரு மாத்திரை உண்டு. வருஷா வருஷம் திருச்செந்தூரில் சஷ்டி விரதம் இருக்கிற அம்மாவே, "ஏல, இது என்னல கிறுக்கு?" என்கிறாள். அவள் ஆறு நாள் இருக்கலாம், நான் ஐந்து நாள் இருக்கக் கூடாதா? கறுப்புக் காபி குடிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த மாத்திரை. அது எது என்று எழுதவில்லை. கிளிமிபிரைடு என்றால், நீங்கள் சாப்பிடாவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் இருக்கும்; மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் என்றால் இன்னொரு வம்பு: பட்டினியில் ரத்தத்தில் அமிலம் ஏறும், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. அதனால் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அம்மா இருப்பதும் நீங்கள் இருக்க நினைப்பதும் ஒன்றல்ல. சஷ்டிக்குத் திருச்செந்தூரில் தங்குகிறவர்களில் பலர் பாலும் பழமும் எடுத்துக்கொள்வார்கள், சிலர் ஒருபொழுது. மிளகை எண்ணி விழுங்கிவிட்டு இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பச்சை உடுத்தி, கடலிலும் நாழிக்கிணற்றிலும் குளித்து, முருகன் பாட்டைப் பாடிக்கொண்டு கோயிலைச் சுற்றியே கிடப்பார்கள். அடுப்படி இல்லை, ஆபீஸ் இல்லை, மாமியார் மருமகள் பேச்சு இல்லை. தலை சுற்றினால் பக்கத்துப் பாயில் இருக்கிற அக்கா பிடித்துக்கொள்வாள். சூரசம்ஹாரம் முடிந்து திரும்புகிறவர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும், நானும் பார்த்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் சோற்றை விட்டதால் வந்ததில்லை, மற்றதையெல்லாம் விட்டதால் வந்தது என்பது என் எண்ணம். நீங்கள் விடப்போவது சோற்றை மட்டும். லேப்டாப் அப்படியே இருக்கும்.

பட்டினியில் தெளிவு வருகிறது என்பது முழுப்பொய் இல்லை. ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் கொழுப்பு கரைந்து கீட்டோன் உண்டாகும், மூளை அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் பலருக்குப் பசி அடங்கிவிடும். அட்ரினலின் வகைச் சுரப்புகளும் கூடுவதால் தூக்கம் குறையும், விழிப்பு கூடும். இரை தேடப் போகிற மிருகத்துக்கு வேண்டிய விழிப்பு அது. வேலையை விடுவதா என்பதை அந்த நேரத்தில் முடிவு செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

கழிவு என்கிறீர்கள். அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் தினமும் பார்க்கின்றன. செல் தன்னைத்தானே எப்படிச் சுத்தம் செய்துகொள்கிறது என்று கண்டறிந்ததற்கு 2016இல் ஜப்பான் விஞ்ஞானி ஒசுமிக்கு நோபல் கொடுத்தார்கள், வாஸ்தவம்தான். அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டில். அதை வைத்து மனிதருக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்குச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். முதலில் குறைகிற கிலோவும் பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான். இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும், எழுந்து நின்றால் கண் இருட்டும். நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

வீடியோக்காரர்கள் 382 நாள் சாப்பிடாமல் இருந்த ஆங்கஸ் பார்பியரியைச் சொல்வார்கள். 1965-66இல், ஸ்காட்லாந்தில். அவருக்கு வைட்டமினும் பொட்டாசியமும் கொடுத்து, ரத்தம் சோதித்துக்கொண்டே இருந்தார்கள் டாக்டர்கள். அந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்கள்.

பட்டினி இருப்பதில் மட்டுமல்ல, அதை முடிப்பதிலும் ஆபத்து உண்டு. ஐந்து நாள் காலியாகக் கிடந்த வயிற்றில் ஒரு தட்டுச் சோற்றைத் தள்ளினால் இன்சுலின் சட்டென்று ஏறும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். இதயத் துடிப்பே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகள் சிலர் சாப்பிட ஆரம்பித்த பிறகு இறந்துபோனது இதனால்தான்.

டாக்டர் சரி என்றால் ஒரு ராத்திரியிலிருந்து மறு ராத்திரி வரை இருந்து பாருங்கள். லீவு போட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு. தண்ணீர் நிறையக் குடியுங்கள். கை நடுங்கினால், வியர்த்தால் உடனே சர்க்கரை போட்டு ஏதாவது குடித்து, பட்டினியை விட்டுவிடுங்கள், வீம்பு வேண்டாம். முடிக்கும்போது கொஞ்சமாகக் கஞ்சி.

காபி: சீனியும் பாலும் இல்லாமல் ஒன்றிரண்டு தம்ளர் குடிக்கலாம். பட்டினித் தலைவலி என்று பலர் சொல்வது காபியைத் திடீரென்று நிறுத்தியதால் வருவது. அடியோடு விட எண்ணமிருந்தால் ஒரு வாரம் முன்பே குறைத்துக்கொண்டு வாருங்கள்.