கேள்வி – பதில்: சேர்பியாவின் கீழ்ப்பிரிவுகளில் ஒரு பின்கள வீரர்

இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் நான்கு, உதைபந்தாட்டத்தில் நாம் அதிகம் பேசாத ஒரு விடயத்தைத் தொட்டவை. ஆகவே இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (உப்புவெளி, 19 வயது வாசகர்): ஐயா, நான் எங்கள் கழக அணியில் பின்களத்தின் நடுவில் ஆடுபவன். அதே இடத்தில் ஆடும் ஒரு சேர்பிய வீரரின் ஆட்ட விபரங்களை அண்மையில் வாசித்தேன். 32 வயதுக்குள் ஒன்பது கழகங்கள், பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பிரிவுகள், இடையில் பொஸ்னியாவில் ஒரு வருடம், மொத்தமாக நான்கு கோல்கள். முதற்பிரிவில் ஒரு போட்டிகூட இல்லை. இது தோற்றுப்போன வாழ்க்கை என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, உங்கள் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த விபரங்களை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒன்பது கழகங்கள் என்பது நிலையில்லாத ஒருவரின் அலைச்சலாகத் தெரியலாம். அந்த நாட்டின் உதைபந்தாட்டம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்கள் தொடர்ச்சியாக யாராவது ஒரு பயிற்றுநர் அவரைத் தேவையென்று கருதியிருக்கிறார் என்பதே அதில் தெரியும்.

சேர்பியாவில் உச்சியில் இருப்பது 2005இல் தொடங்கிய சுப்பர் லீகா. அதற்குக் கீழே இரண்டாம் நிலையாகப் பிர்வா லீகா. மூன்றாம் நிலையில் வொய்வோடினா, பெல்கிரேட், மேற்கு, கிழக்கு என நான்கு பிரிவுகளாகப் பிரிந்த சேர்பிய லீக். அதற்கும் கீழே வலய லீக்குகளும் மாவட்ட லீக்குகளும் உள்ளன. மூன்றாம் நிலையில் ஒரு பிரிவில் முதலிடம் பெறும் கழகமே மேலே ஏறும் என்பதால், இரண்டாம் இடத்தில் முடித்த நல்ல அணி அடுத்த வருடமும் அதே இடத்தில்தான் நிற்கும். அதற்குள் அந்த அணியின் சிறந்த வீரர்கள் வேறு கழகங்களுக்குப் போய்விடுவார்கள்.

கழகம் மாறுவதற்கான காரணம் பெரும்பாலும் வீரரிடம் இல்லை. கீழ்ப்பிரிவுக் கழகங்கள் நகரசபையின் உதவியிலும் உள்ளூர் வர்த்தகர்களின் அனுசரணையிலும் தங்கியிருப்பவை. அனுசரணையாளர் விலகினாலோ புதிய தலைவர் வந்தாலோ பயிற்றுநர் மாறுவார், பயிற்றுநர் மாறினால் பின்வரிசையும் மாறும். ஒப்பந்தங்களும் ஒரு வருடத்துக்கோ அதற்கும் குறைவாகவோ எழுதப்படுவது வழக்கம். குளிர்காலத்தில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை ஆட்டங்கள் நின்றுபோகும்; அந்த இடைவெளியிலும் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். பிரிவிலிருந்து கீழிறங்கும் அபாயத்தில் இருக்கும் கழகம் ஜனவரியில் முதலில் தேடுவது அனுபவமுள்ள ஒரு நடுப் பின்கள வீரரைத்தான் என்பது என் கணிப்பு. இளம் முன்கள வீரர் மீது நம்பிக்கை வைத்துப் பார்க்கலாம். சொந்தக் கோல் கம்பத்துக்கு முன்னால் அப்படிப் பரீட்சித்துப் பார்க்க எந்தப் பயிற்றுநரும் துணியமாட்டார்.

கழகங்களே நிலையற்றவை என்பதையும் மறக்கக்கூடாது. தலைநகர் பெல்கிரேட்டின் ஒபிலிச் கழகம் 1998இல், சேர்பியா உள்ளடங்கியிருந்த அன்றைய யூகோஸ்லாவியாவின் சம்பியனானது. பத்து வருடங்களுக்குள் அது பிரிவு பிரிவாகக் கீழே விழுந்து சிதைந்தது. 2013இல் சேர்பியக் கிண்ணத்தை வென்ற யாகொடினா, மூன்று வருடங்களில் முதற்பிரிவை இழந்தது. செவொய்னோ என்ற சிறு தொழிற்சாலை நகரின் கழகம் 2010இல் முதற்பிரிவுக்குத் தகுதி பெற்றபோது, அருகிலுள்ள உஜிட்சே நகரின் ஸ்லொபொடா கழகத்துடன் இணைக்கப்பட்டது. இரண்டு அணிகள் ஒன்றாகும்போது அத்தனை வீரர்களுக்கும் இடம் கிடைக்காது. இப்படி வெளியேறியவரின் விபரத்தில் ஒரு புதிய கழகத்தின் பெயர் சேர்ந்துவிடும். ஏன் சேர்ந்தது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

இந்த நிலைமைக்கு வரலாறும் உண்டு. சோசலிச யூகோஸ்லாவியாவில் வீரர்கள் 28 வயதுக்கு முன்னர் வெளிநாட்டுக் கழகங்களுக்குச் செல்ல முடியாதிருந்தது. அதனால் உள்ளூர் அணிகள் பலமாக இருந்தன. 1991 மே 29 அன்று இத்தாலியின் பாரி நகரில் பெல்கிரேட்டின் ரெட் ஸ்டார் கழகம், மார்செய் அணியைப் பெனால்டி உதைகளில் வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. மறுவருடமே, போர் காரணமாக, ஐக்கிய நாடுகள் சபையின் தடைகள் வந்தன. தேசிய அணி 1992 ஐரோப்பியச் சம்பியன்ஷிப்பிலிருந்து விலக்கப்பட்டது. போரும் தடையும் பணவீக்கமும் கழகங்களின் வருமானத்தை அழித்தன. அதன் பிறகு அங்கு பெரிய கழகங்கள்கூட இளம் வீரர்களை விற்றுத்தான் பிழைக்கின்றன. விற்கப்படாத வீரர் அந்த ஒழுங்கின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார். இளவயது வீரர்களைக் கட்டாயமாகக் களமிறக்க வேண்டும் என்ற விதியும் அங்குண்டு. 25 வயதைக் கடந்தவருக்குரிய இடங்கள் அதனால் மேலும் குறைகின்றன.

அடுத்து பணம். மூன்றாம் நிலையில் ஆடும் பலர் வேறு தொழிலும் செய்கிறார்கள். உலகத் தொழில்முறை வீரர்களின் சங்கமான பிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளில் ஏறத்தாழ 14,000 வீரர்களிடம் விசாரித்தபோது, 41 வீதமானோர் முந்தைய இரு பருவகாலங்களில் சம்பளம் தாமதமானதாகக் கூறினர். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையாக இருந்தால், எழுத்துமூலம் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்த பின் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையைப் பீபா 2018இல்தான் தன் விதிகளில் சேர்த்தது. பருவகாலத்தின் நடுவில் கழகம் மாறிய ஒருவரை விசுவாசமற்றவர் என்று சொல்லும் முன், அவருடைய வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான்கு கோல்கள் என்பதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பருவகாலத்திலும் எத்தனை போட்டிகளில் ஆடினார் என்ற வரிசையைப் பாருங்கள். 30 சுற்றுகள் உள்ள பருவகாலத்தில் 25 போட்டிகள் ஆடியிருந்தால், காயமும் சிவப்பு அட்டையும் அவரை அதிகம் தடுக்கவில்லை என்றும், பயிற்றுநர் அவர் பெயரை எழுதிவிட்டே மற்றவர்களைத் தெரிவு செய்தார் என்றும் கொள்ளலாம். பொஸ்னியாவில் ஆடிய வருடமும் அப்படித்தான். மொழி ஏறத்தாழ ஒன்றே என்பதால் அது சேர்பிய வீரர்கள் முதலில் எட்டிப் பார்க்கும் அயல்நாடு. மோல்டா, ஐஸ்லாந்து என்று அதற்கு அப்பாலும் போகிறவர்கள் பலர்.

ஒன்பது கழகங்கள் என்றால் ஒன்பது தடவை புதிய கோல் காப்பாளரின் குரலுக்கும், புதிய பங்காளியின் ஓட்டத்துக்கும், பின்வரிசை எவ்வளவு முன்னேறி நிற்க வேண்டும் என்ற புதிய கட்டளைக்கும் அவர் பழகியிருக்கிறார். முன்கள வீரர் தனியாகவே திறமை காட்டிவிடலாம். பின்களத்தில் பக்கத்தில் நிற்பவரை அறியாமல் எதுவும் செய்ய முடியாது. அந்தப் பழக்கத்தை வருடாவருடம் முதலிலிருந்து கட்டியெழுப்பியவரை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

கேள்வி (சாம்பல்தீவு, பாடசாலைப் பயிற்றுநர்): இத்தகைய கீழ்ப்பிரிவுகளிலிருந்து உச்சத்துக்குப் போன பின்கள வீரர்கள் உண்டா? நாங்கள் இங்கு எதைக் கற்பிக்கலாம்?

பதில்: உண்டு. பிரானிஸ்லாவ் இவனோவிச் தன் ஊரான ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சாவின் ஸ்ரெம் கழகத்தில், முதற்பிரிவுக்குக் கீழேதான் வளர்ந்தார். பின்னர் ஓஎப்கே பெல்கிரேட், மொஸ்கோவின் லோக்கோமோட்டிவ் வழியாக 2008இல் செல்சிக்குச் சென்றார். 2013 யூரோப்பா லீக் இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் பென்பிகாவுக்கு எதிராக அவர் தலையால் முட்டிய கோலே கிண்ணத்தைத் தீர்மானித்தது. சேர்பியாவுக்காக அவர் ஆடியது 105 போட்டிகள். மட்டியா நஸ்டாசிச், பார்ட்டிசான் கழகத்தின் துணைக் கழகமான டெலியோப்டிக்கில் ஆடி, அங்கிருந்து 2011இல் பியோரென்டினாவுக்கும் மறுவருடம் மான்செஸ்டர் சிட்டிக்கும் போனார். நெமான்யா விடிச் ரெட் ஸ்டாரின் பயிற்சியில் வளர்ந்தவர் என்றாலும், முதல் அணியில் இடம் பெறுவதற்கு முன் சுபோதிக்கா நகரின் ஸ்பார்ட்டாக் கழகத்தில் ஒரு பருவகாலம் கடனாக, அதாவது தற்காலிகமாக அனுப்பப்பட்டு, ஆடினார். பிறகு மான்செஸ்டர் யுனைடட்டில் ஐந்து பிரீமியர் லீக் பட்டங்கள் வென்றார். இவர்கள் மூவரும் இருபதுகளின் தொடக்கத்திலேயே மேலே போய்விட்டவர்கள் என்பதையும் மாணவர்களுக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

கற்பிக்க வேண்டியதைப் பொறுத்தவரை, கீழ்ப்பிரிவுகளில் நவம்பரிலும் மார்ச்சிலும் சேறாகிவிடும் திடல்களில் பந்தைத் தரையில் நகர்த்துவது கடினம். உயரமான நீண்ட உதைகளே அதிகம் வரும். முதற் பந்தைத் தலையால் வெல்வதும், அது விழும் இடத்தில் யார் நிற்பது என்று முன்கூட்டியே பேசிவைப்பதும் அங்கு பின்கள வீரரின் அன்றாட வேலை. எமது மைதானங்களிலும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அதே நிலைமைதான். மழை என்று பயிற்சியை நிறுத்தாமல், மின்னல் இல்லாத நாட்களில் அதற்கென்றே ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். பின்வரிசை நால்வரும் உரத்துப் பேசுவதைக் கட்டாயமாக்குங்கள். எமது பிள்ளைகள் களத்தில் மௌனமாக நிற்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

இன்னொன்றையும் செய்யுங்கள். ஒரு வீரர் பணத்துக்கு வெளிநாட்டுக் கழகமொன்றுக்கு மாற்றப்படும்போது, அந்தத் தொகையில் 5 வீதம், அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது பீபாவின் விதி. சேர்பியாவின் சிறு கழகங்கள் பதிவேடுகளைக் கவனமாகப் பேணுவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த வருடம் யார் எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தார் என்ற ஆவணம் இல்லாமல் உரிமை கோர முடியாது.

கேள்வி (மூதூர்): சேர்பியாவில் கடைத்தொகுதியின் கூரைமேல் ஒரு மைதானம் இருக்கிறதாமே, உண்மையா?

பதில்: உண்மை. பெல்கிரேட்டின் வொஜ்டொவாட்ஸ் கழகம் 2013 முதல் அங்குதான் ஆடுகிறது.

கேள்வி (கிண்ணியா, ஒரு தாய்): என் மகனுக்கு 17 வயது. சேர்பியாவில் இரண்டாம் பிரிவுக் கழகமொன்றில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி ஒருவர் பல இலட்சம் ரூபாய் முற்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: சகோதரி, தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் கழகத்துக்கு மாற்றுவதைப் பீபா பொதுவாகத் தடைசெய்துள்ளது. பெற்றோர் உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காக அந்நாட்டில் குடியேறுவது போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. 16 வயது முதல் அனுமதிக்கும் விதிவிலக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கும் உள்ளே நடக்கும் மாற்றங்களுக்கு உரியது. சேர்பியா அவற்றில் இல்லை, இலங்கையும் இல்லை. ஆகவே தனியே செல்லும் உங்கள் மகனை இப்போது அங்கு பதிவு செய்ய வழியில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

18 வயதான பின்னர் மீண்டும் இப்படியொரு பேச்சு வந்தால், அந்த நபரிடம் முகவருக்கான பீபா உரிமம் இருக்கிறதா என்று பீபாவின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். கழகத்தின் அழைப்புக் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்திப்படாமல், கழகத்துக்கே நேரடியாக எழுதி உறுதிப்படுத்துங்கள். வீரரை உண்மையில் விரும்பும் கழகம் அவரிடம் கட்டணம் கேட்காது. சம்பளம், காலம், தங்குமிடம், காயமடைந்தால் வைத்தியச் செலவு ஆகியவை எழுதப்பட்டு இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் வேண்டும். வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் கழகத்துக்கு விடுவிக்கும் சர்வதேச மாற்றச் சான்றிதழ் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஊடாகவே போக வேண்டும். இவை முடியும் வரை பயணச்சீட்டு எடுக்க வேண்டாம், மகனின் கடவுச்சீட்டையும் எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். ஏற்கனவே ஏதாவது பணம் கைமாறியிருந்தால், பற்றுச்சீட்டையும் தொலைபேசிச் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள்.