அடுக்குகள் உள்ள இயற்கணிதப் பின்னங்களை வகுத்தால் எனக்கு ஏன் விடை தப்பாக வருகிறது?

நீங்கள் கொடுத்த கணக்கு:

[(2க³ப⁻¹)² / 9ப⁴] ÷ [8க⁴ / 3க⁻¹ப⁵]

உங்களுக்கு வந்தது க/12ப, புத்தகத்தில் இருப்பது க/6ப. புத்தக விடைதான் சரி. முதல் வரியிலேயே சறுக்கியிருக்கிறீர்கள். அடைப்புக்கு வெளியே உள்ள அடுக்கு, உள்ளே இருக்கும் எண்ணையும் சேர்த்தே பிடிக்கும். எனவே அது 2க⁶ப⁻² அல்ல, 4க⁶ப⁻².

வகுத்தல் குறியைத் தொடும் முன் அடைப்புகளை இப்படிப் பிரித்துவிடுங்கள். அதன்பின் இரண்டாவது பின்னத்தை மட்டும் தலைகீழாக்கிப் பெருக்குங்கள்:

(4க⁶ப⁻² / 9ப⁴) × (3க⁻¹ப⁵ / 8க⁴)

பகுதியில் இருந்த க⁻¹ இங்கே தொகுதிக்கு வந்தாலும் க⁻¹ ஆகவே இருக்கிறது, கவனியுங்கள். பலர் தலைகீழாக்கும்போதே அடுக்கின் குறியையும் மாற்றிவிடுகிறார்கள். இரண்டையும் செய்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, தலைகீழாக்காததற்குச் சமமாகிவிடும்.

இனி எண்ணைத் தனியாக, ஒவ்வொரு எழுத்தையும் தனியாகப் பாருங்கள். எண்: 12/72 = 1/6. க-வின் அடுக்கு: 6 − 1 − 4 = 1. ப-வின் அடுக்கு: −2 + 5 − 4 = −1. ஆக (1/6)கப⁻¹, அதாவது க/6ப.

சரிபார்க்க க = 2, ப = 3 என்று போடுங்கள். முதல் பின்னம் 256/6561, இரண்டாவது 256/729, வகுத்தால் 1/9. நம் விடையும் 2/18 = 1/9. எழுத்துக்கு 1 போட்டுப் பார்க்காதீர்கள். ஒன்றுக்கு எந்த அடுக்கு போட்டாலும் ஒன்றுதான், அடுக்கில் நேர்ந்த பிழை தெரியவே தெரியாது.

கூட்டலோ கழித்தலோ உள்ள கோவைகளில் வேறொரு ஆபத்து உண்டு:

[(க² − 9) / (க² + 3க)] ÷ [(க − 3) / க²]

மேலும் கீழும் க² இருக்கிறதே என்று அடித்தால் முதல் பின்னம் −9/3க ஆகிவிடும். சுருக்கலாம், ஆனால் காரணிகளை மட்டும்தான். க² இங்கே ஒரு உறுப்பு; காரணி அல்ல. முதலில் காரணிப்படுத்துங்கள்:

[(க − 3)(க + 3) / க(க + 3)] × [க² / (க − 3)] = க

விடை வெறும் க என்றாலும் க-வுக்கு 0, −3, 3 ஆகிய மதிப்புகள் கூடாது. 0, −3 வந்தால் பகுதி பூச்சியமாகும். 3 வந்தால் வகுக்கும் பின்னமே பூச்சியமாகிவிடும். இதைத்தான் தேர்வில் எழுத மறக்கிறார்கள்.