பையர் ‘பால்பார்க்’ கேட்டால் என்ன விலை சொல்வது?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) ஏற்றுமதி செய்யும் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எங்களிடம் சரக்கு வாங்கும் நியூயார்க் பையர் ஒருவர், “ஒரு பால்பார்க் ஃபிகர் கொடுங்கள், வெள்ளிக்கிழமை டச் பேஸ் செய்யலாம், நவ் த பால் இஸ் இன் யுவர் கோர்ட்” என்று மெயில் போட்டிருக்கிறார். இடியம் (மரபுத்தொடர்) புத்தகம் ஒன்று வாங்கி மனப்பாடம் செய்யட்டுமா? நானும் இப்படியே எழுதினால் மதிப்பாக இருக்குமா?

பதில்: புத்தகம் வேண்டாம், நீங்கள் இப்படி எழுதவும் வேண்டாம். புரிந்துகொண்டால் போதும். வியாபார மெயிலில் வரும் இடியத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால், உள்ளே பெரும்பாலும் பணம், தேதி, அடுத்த வேலை யாருடையது என்ற மூன்றில் ஒன்றுதான் இருக்கும். உங்கள் பையர் மூன்றையும் ஒரே மெயிலில் கேட்டுவிட்டார்.

பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். அவர் கேட்பது நம் ஊரில் சொல்லும் குத்துமதிப்பு, அவ்வளவுதான். ஆனால் குத்துமதிப்பு என்று கேட்டு வாங்கிய எண், அவருடைய எக்செல் ஷீட்டில் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு தோல் விலை ஏறிவிட்டது என்று ஜோடிக்கு ஐம்பது சென்ட் கூட்டிக் கேட்டுப் பாருங்கள், “நீங்கள்தானே சொன்னீர்கள்” என்பார். அதனால் ஒற்றை எண் தராதீர்கள். இதிலிருந்து இதுவரை என்று சொல்லுங்கள், எந்தத் தோல், எத்தனை ஜோடி என்பதையும் கூடவே எழுதுங்கள்.

டச் பேஸும் பேஸ்பாலில் இருந்து வந்ததுதான். போனில் சுருக்கமாகப் பேசிக்கொள்வோம் என்று அர்த்தம். இங்கே நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதை மறந்து, ஒரு மணி நேரம் போன் முன்னால் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு அமெரிக்க பையர் பிரவுன் கலர் பற்றி “ஐ வில் டேக் எ ரெயின் செக்” என்று எழுதியிருந்தார். ரெயின், செக் இரண்டும் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்தானே? தோலில் தண்ணீர் இறங்குகிறதா என்று டெஸ்ட் கேட்கிறார் என்று முடிவுகட்டி, பிரவுன் தோலை லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பினேன். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுக்கும் சீட்டுதான் ரெயின் செக். அவர் சொன்னது, “பிரவுன் இப்போதைக்கு வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்”. வேலூர் லாங்கு பஜாரில் விலை கேட்டுவிட்டு “ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்” என்று நகர்வார்களே, அந்த ஜாதி. தெரியாத வார்த்தையால் எனக்கு எந்த நஷ்டமும் வந்ததில்லை, தேடிப் பார்த்துவிடுவேன். தெரிந்த மாதிரி இருக்கும் வார்த்தைதான் காலை வாரும்.

லண்டன் பையரும் வந்தால் இன்னொரு தலைவலி. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்யலாம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் பேச எடுப்போம் என்று பொருள், அமெரிக்கர் சொன்னால் இப்போதைக்குத் தள்ளிவைப்போம். சாம்பிள் ‘க்வைட் குட்’ என்று லண்டனில் இருந்து வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். பரவாயில்லை என்கிறார், திருத்தம் பின்னால் வரலாம்.

நாம் எழுதுவதிலும் கண்ணி இருக்கிறது. ‘வில் ரிவர்ட் ஆன் த லைனிங்’ என்றால் நமக்குப் பதில் சொல்கிறோம் என்று பொருள். பையரோ பழைய லைனிங்குக்கே திரும்பப் போகிறார்களா என்று குழம்புவார். ரிப்ளை என்றே எழுதுங்கள். ‘கோ தி எக்ஸ்ட்ரா மைல்’ என்று வாக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பைபிளில், ஒரு மைல் வரச் சொன்னால் இரண்டு மைல் போ என்று இயேசு சொன்னதை ஒட்டிய வழக்கு அது. ஷிப்மென்ட் தாமதமானால், அந்த இரண்டாவது மைலை உங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள்.

லாட்ஜ், மருந்துக்கடை கவுன்டர்களில் இருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்தில் இருந்தும் அசாமில் இருந்தும் வருபவர்களுக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். டீ ‘ஆன் த ஹவுஸ்’ என்பதைவிட டீ ஃப்ரீ என்றால் சட்டென்று புரியும்.

சரி, உங்கள் மெயிலுக்கு வருவோம். பந்து உங்கள் கோர்ட்டில் என்றால் அடுத்த அடி உங்களுடையது, அவர் காத்திருக்கிறார். நான்கு வரியில் பதில் போதும்: தோராய விலை இதிலிருந்து இதுவரை, தோலும் எண்ணிக்கையும் முடிவானதும் இறுதி விலை தருகிறோம், வெள்ளிக்கிழமை இந்திய நேரம் மாலை 6.30-க்கோ 7.30-க்கோ பேசலாமா, அதற்குள் எங்களிடம் இருந்து வேறு ஏதாவது வேண்டுமா? அனுப்பும் முன் காஸ்டிங் ஷீட்டை மேனேஜரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.