தாத்தாவின் துப்பாக்கியைக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தோப்புக் காவலுக்கெனத் தாத்தா வைத்திருந்து, இப்போது உரிமத்துடன் என்னிடம் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு மாற்றாக, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செய்த அரிய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றைத் தருவதாக நண்பர் கூறுகிறார். மாற்றிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் குழலைப் பாருங்கள். அதில் நீரலை போன்ற வரிகள் ஓடினால் அது டமாஸ்கஸ் குழலாக, அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டவைத்துச் செய்த குழலாக இருக்கக்கூடும்; அத்தகைய குழல்களில் பல, அக்காலத்துப் புகைமிகுந்த கரிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டவை என்பதால், இக்காலப் புகையில்லா மருந்துத் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்து விரல்கள் போய்விடலாம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அமரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர்தான். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதனுள் தடையின்றி நுழைந்துவிடும் என்பதே ஏமாற்று. சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். எந்த மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதைக் காட்டும், குழலடியிலுள்ள சோதனை முத்திரைகளை, உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடுங்கள்.

இருவரிடமும் உரிமம் இருந்தாலும், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து 45 நாள் கழியாமல் கைமாற்றக் கூடாது.

சுட இயலாத அழகுப் பொருளுக்காகத் தாத்தா கைபட்டதைக் கொடுக்க நானாக இருந்தால் இசைய மாட்டேன். ஆசை விடவில்லையென்றால், உரிமத்தில் முறைப்படி சேர்த்து அதை விலைக்கே வாங்குங்கள். ஒருவர் இரண்டு துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.