சுவரே ஆடினால் கட்டடம் நிற்குமா?

கேள்வி: பூகம்பத்தைத் தாங்குவதற்காக, அஸ்திவாரத்தோடு ஒட்டாமல் ஆடுகிற காங்கிரீட் சுவர்களைக் கட்டிச் சோதிக்கிறார்களாமே! தஞ்சாவூர் பொம்மை மாதிரி ஆடிவிட்டு நிமிர்ந்துவிடுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பொம்மை உவமை பாதிதான் சரி. அடிக்கனமே பொம்மையை நிமிர்த்திவிடும். உயரமான சுவருக்கு அது போதாது. சுவருக்குள் மேலிருந்து கீழ்வரை எஃகுக் கேபிளைக் கோத்து, ஜாக்கி போட்டு முறுக்கேற இழுத்து, அஸ்திவாரத்தில் பூட்டுகிறார்கள். கேபிள் காங்கிரீட்டோடு ஒட்டக்கூடாது. ஒட்டினால், அடியில் வாய் பிளக்கும் இடத்திலேயே மொத்த இழுப்பும் விழும். ஒட்டாவிட்டால் முழு நீளமும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். நிலம் குலுங்கும்போது சுவரின் ஓர் ஓரம் லேசாக எழும்பும். கேபிள் அதை இழுத்து உட்கார வைக்கும்.

சரி, ஆட்டத்தை அடக்குவது யார்? 1999-இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், பொறியியல் பேராசிரியர் நைஜல் பிரீஸ்ட்லியின் குழு நிஜ அளவில் 60 சதவீதத்துக்கு ஐந்து மாடிக் கட்டடம் எழுப்பி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் தள்ளி இழுத்துப் பார்த்தது. அருகருகே நின்ற சுவர்ப் பலகைகளுக்கு நடுவே ‘யு’ வடிவ எஃகுப் பட்டைகள். வளைந்து நெளிந்து அதிர்வின் சக்தியைத் தின்றவை அவைதான். சுவர்கள் பெரிய சேதமில்லாமல் நேராகவே நின்றன. 2010 டிசம்பரில் ஜப்பானின் மிகி நகரில், 20 மீட்டருக்கு 15 மீட்டர் குலுக்கு மேடையில், நான்கு மாடிக் கட்டடங்கள் இரண்டை முழு அளவில் ஏற்றி, 1995 கோபே பூகம்பத்தின் அதிர்வையே கொடுத்தார்கள். ஒன்று வழக்கமான கட்டுமானம், மற்றது கேபிள் இழுத்தது.

இத்தனை சிரமம் எதற்கு? நான் படித்த காலத்தில், கட்டடம் வீணானாலும் ஆள் தப்பினால் போதும் என்பதுதான் பாடம். 2011-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரைப் பூகம்பம் தாக்கியபோது அதன் விலை தெரிந்தது. இடிந்து விழாமல் நின்ற எத்தனையோ காங்கிரீட் கட்டடங்களைப் பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. 26 மாடி கிராண்ட் சான்செலர் ஹோட்டலும் அதில் சேர்த்தி.

ஆனால் உங்கள் மேஸ்திரியிடம் இதைக் கேட்டு வைக்காதீர்கள்! சுவர் எழும்பினால் அதைப் பிடித்திருக்கும் தளமும் கூடவே தூக்கப்பட்டுக் கிழியும். என்னைக் கேட்டால், சுவரைவிட அந்த இணைப்புதான் பெரிய தலைவலி. இருபது, முப்பது மாடி என்றால் இன்னொரு சிக்கல்: அடியில் ஆடவிட்டாலும், பாம்பு நெளிவதைப் போன்ற அதிர்வு மேல்மாடிகளில் குறைவதில்லை. அதற்காக நடு உயரத்திலும் ஓர் ஆடும் மூட்டு வைக்கலாமா என்று ஆராய்கிறார்கள்.