ஆறு பேருக்கு ஒரு கார்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, கைக்கு வருவது 40,000 ரூபாய். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். நான் தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 21,000. எங்களுக்கு 12, 8, 2 வயதில் மூன்று குழந்தைகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். பழைய ஆல்டோவில் ஆறு பேரும் அடைந்துகொண்டு போக முடியவில்லை. மாதம் ஒரு தடவை மாமியாரை சேலத்தில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அரூரில் என் அம்மா வீட்டுக்கும் போய் வருவோம். கணவர் மாருதியின் ஏழு இருக்கைக் காரான எர்டிகாவில் இசட்எக்ஸ்ஐ ரகத்தை எடுக்கலாம் என்கிறார். ஆன் ரோடு விலை 13.4 லட்சம். எஃப்.டி.யில் 4 லட்சம் இருக்கிறது, ஆல்டோ 1.2 லட்சத்துக்குப் போகும், என் நகையை வைத்து 1.2 லட்சம் வாங்கலாம், மீதி 7 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஏழு வருடக் கடன் என்பது அவர் கணக்கு. பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார், 2015 மாடல் இன்னோவா ஒன்று ஏழரை லட்சத்துக்கு வருகிறது, அதை எடுங்கள் என்கிறார். ரெனோவின் ஏழு இருக்கைக் காரான ட்ரைபரும் பார்த்தோம், ஆன் ரோடு 8.6 லட்சம் சொன்னார்கள். வீட்டுக் கடன் தவணை 15,200, வீட்டுச் செலவு 18,000, பெரியவர்கள் இருவரின் படிப்புக்கு மாதக் கணக்கில் 8,000, மாமியார் மருந்துக்கு 2,500, சீட்டுக்கு 5,000 போகிறது. அது ஒரு லட்ச ரூபாய் சீட்டு, முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. எந்த வண்டி எடுக்கலாம்?

பதில்: நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினேன், 48,700 வருகிறது. 61,000-இல் அதைக் கழித்தால் கையில் நிற்பது 12,300 ரூபாய். 7 லட்சத்துக்கு ஏழு வருடத் தவணை 11,262. சரி, அடங்குகிறதே என்று உங்கள் கணவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் வண்டியை ஓட்டும் செலவு இந்தப் பட்டியலில் இல்லை. மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வைத்தாலும் பெட்ரோலுக்கு 3,600 ரூபாய் வேண்டும். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் இன்னொரு 2,400. ஆக 6,000. தவணையோடு சேர்த்து 17,262 ரூபாய் வேண்டும், இருப்பது 12,300.

சீட்டு முடிந்த பிறகு அந்த 5,000 சேரும் என்கிறீர்களா? அப்போது கையில் 17,300 இருக்கும். எல்லாம் கட்டிய பிறகு மிஞ்சுவது 38 ரூபாய். நகைக் கடனின் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. எஃப்.டி.யும் காலி. இந்த நிலையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் எங்கே கை நீட்டுவீர்கள்? அந்த நேரத்துக்குத்தான் நகை. ஒரு மணி நேரத்தில் பணமாக மாறக்கூடிய ஒரே சொத்து உங்கள் வீட்டில் அதுதான். அதை இப்போதே காருக்காகப் பூட்டி வைக்க வேண்டாம் என்று உங்களை அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏழு வருடக் கடனைப் பற்றியும் ஒரு கணக்கு. அதே 7 லட்சத்தை ஐந்து வருடத்தில் கட்டினால் மொத்த வட்டி 1.72 லட்சம், ஏழு வருடத்தில் 2.46 லட்சம். தவணையில் 3,269 ரூபாய் குறைப்பதற்காக 74,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அந்த ஏழாவது வருடத்தில் உங்கள் மூத்த பெண்ணுக்கு 19 வயது, கல்லூரியில் இருப்பாள்.

இனி, நீங்கள் அனுப்பிய கொட்டேஷனுக்கு வருகிறேன். இசட்எக்ஸ்ஐ ஷோரூம் விலை 10.92 லட்சம், அதற்குக் கீழ் ரகமான விஎக்ஸ்ஐ 9.85 லட்சம் என்று இருக்கிறது. பார்வைக்கு ஒரு லட்சத்துச் சொச்சம்தான் வித்தியாசம். ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய ஆயுள் வரியில், 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். விஎக்ஸ்ஐக்கு வரி 1,28,050 ரூபாய், இசட்எக்ஸ்ஐக்கு 1,96,560. விலை வித்தியாசத்தையும் வரி வித்தியாசத்தையும் கூட்டினால் 1,75,000 ரூபாய்க்கு மேல். அலாய் வீலுக்கும் பட்டன் ஸ்டார்ட்டுக்கும் தொடுதிரைக்கும் கொடுக்கும் விலை இது. பத்து லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஷோரூமிலேயே 1 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அது திரும்பக் கிடைக்கும், ஆனாலும் அன்றைக்குக் கையிலிருந்துதான் போகும். எனவே எர்டிகாதான் என்று எப்போது முடிவெடுத்தாலும் பத்து லட்சக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். இப்போதைக்கு உங்கள் வருமானத்தில் விஎக்ஸ்ஐயும் புதிதாக எடுக்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கொழுந்தனார் சொன்ன இன்னோவா இடத்துக்கு நல்ல வண்டிதான். மூன்றாவது வரிசையில் பெரியவர்களே உட்கார்ந்து போகலாம். ஆனால் அது கர்நாடகப் பதிவு. இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ.வில் மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுள் வரியை இங்கே புதிதாகக் கட்ட வேண்டும். கே.ஏ. நம்பரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வட்டி அதிகம். 1500 சிசிக்கு மேற்பட்ட இன்ஜின் என்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே வருடத்துக்கு 7,897 ரூபாய், வரி தனி. எர்டிகா அளவுள்ள இன்ஜினுக்கு அதுவே 3,416. டைமிங் பெல்ட், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் செலவு கேட்கும் வயது வேறு. மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்கு அது வேண்டாம்.

யார் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்பதை யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. எனக்கும் மூன்று பிள்ளைகள். கார் வாங்கிய பிறகுதான் இதைக் கண்டுகொண்டேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கி இரண்டாவது வரிசையில், குழந்தை இருக்கைக்கென்றே உள்ள ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு அந்தப் பக்கத்தை மடக்க முடியாது. மூன்றாவது வரிசைக்குப் போகும் வழி இன்னொரு பக்கம் மட்டும்தான், அங்கே உங்கள் மாமியார் இருப்பார். பெரிய பிள்ளைகள் இருவரும் பின்னால் போனால், ஒவ்வொரு தடவையும் பாட்டி இறங்கி, இருக்கையை மடக்கிய பிறகுதான் அவர்கள் இறங்க முடியும். மூட்டு வலிக்கிற மனிதருக்கு அது வேதனை. அதனால் அவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், நீங்கள் சின்னவளோடு நடு வரிசைக்குப் போங்கள். இறங்கி ஏறுவது உங்களுக்குச் சுலபம், குழந்தையும் பக்கத்திலேயே இருப்பாள்.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மாதா மாதம் தொப்பூர் கணவாயில் இறங்கிப் போகிற குடும்பம் நீங்கள். அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காத லாரிகள் செய்த விபத்துகளை நம் பக்கத்தில் அறியாதவர் கிடையாது. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் இருந்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்யச் சொல்லவில்லை. குழந்தை இருக்கைக்கு ஆகும் பணத்தையும் கார் பட்ஜெட்டிலேயே சேருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் வாங்கவே மாட்டோம்.

ஆக உங்களுக்கு ஐந்து இருக்கைக் கார் எதுவும் உதவாது. மிஞ்சுவது இரண்டு வழி: புது ட்ரைபர், அல்லது மூன்று நான்கு வருடம் ஓடிய, நம் ஊர்ப் பதிவுள்ள எர்டிகா.

ட்ரைபர் சின்ன நீளம், ஒரு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் அடங்குவதால் 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். எர்டிகா நான்கு மீட்டரைத் தாண்டியது, 1,462 சிசி, அதனால் 40 சதவீதம். இரண்டிலும் ஏழு இருக்கை இருந்தும் விலையில் இவ்வளவு தூரம் இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். ட்ரைபரின் குறை பின்பக்கம். ஏழு இருக்கையும் போட்டால் சாமான் வைக்க 84 லிட்டர் இடம்தான், இரண்டு பள்ளிப் பை வைக்கலாம். எர்டிகாவில் 209 லிட்டர். ஆனால் ட்ரைபரின் கடைசி வரிசை இருக்கைகளைத் தனித்தனியாகக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். அரூருக்கு இரண்டு நாள் தங்கப் போகும்போது ஒன்றைக் கழற்றிவிட்டு, மூத்தவளைப் பின்னாலும் பையனை நடு வரிசையில் உங்கள் பக்கத்திலும் உட்கார வைத்தால் சாமானுக்கு இடம் கிடைக்கும். நடு வரிசை கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கும்.

இன்னொரு குறை இன்ஜின். 72 குதிரைத்திறன்தான். ஆறு பேரோடு ஏசி போட்டு ஏற்றத்தில் போனால் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் டெஸ்ட் டிரைவை ஷோரூம் தெருவில் முடித்துவிடாதீர்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றி, ஓசூர் சாலையில் மேலுமலை ஏற்றம் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். தர மாட்டேன் என்றால் வேறு கிளையில் கேளுங்கள்.

பழைய எர்டிகாவில் இன்ஜினும் இடமும் நன்றாக இருக்கும். ஆனால் இந்த வண்டிக்கு மறுவிற்பனை மதிப்பு அதிகம் என்பதால் பழையதும் மலிவாகக் கிடைக்காது. பழைய வண்டிக் கடனுக்கு 12 சதவீதம் வரை வட்டி கேட்பார்கள். ஆறு ஏர்பேக் எல்லா ரகத்திலும் வந்தது 2025-இல்தான், அதற்கு முந்தைய விஎக்ஸ்ஐயில் இரண்டே இரண்டு. 2024-இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் எர்டிகாவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டு. ட்ரைபர் 2021-இல் நான்கும் மூன்றும் வாங்கியது. அன்றைய விதிகள் இளகியவை, அதனால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. இன்றைய புது ட்ரைபரில் ஆறு ஏர்பேக் எல்லா ரகத்திலும் உண்டு. சிஎன்ஜி எர்டிகா பக்கம் போகாதீர்கள். சிலிண்டர் சாமான் இடத்தை எடுத்துக்கொள்ளும், உங்கள் ஓட்டத்துக்குக் கூடுதல் விலை திரும்பி வர வருடக் கணக்கில் ஆகும்.

நீங்கள் கேட்டது என் முடிவை. ட்ரைபரை எடுங்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம், சீட்டு முடிந்ததும் எடுங்கள். அவசரப்பட்டு ஏலத்தில் கழிவு விட்டுச் சீட்டை எடுக்காதீர்கள். கடைசி வரை இருந்தால் கமிஷன் போக 95,000 ரூபாய் அளவில் வரும். எஃப்.டி. 4 லட்சம், ஆல்டோ 1.2 லட்சம், சீட்டுப் பணம் மூன்றும் சேர்ந்தால் 6.15 லட்சம். அதில் 1.15 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும் அவசரத்துக்கும். 5 லட்சத்தைக் கட்டி, 3.6 லட்சத்துக்கு மட்டும் ஐந்து வருடக் கடன் வாங்கினால், 9 சதவீதத்தில் தவணை 7,473. ஓட்டும் செலவு 6,000 சேர்த்தால் 13,473. அப்போது உங்கள் கையில் நிற்பது 17,300, அதனால் மாதம் 3,800 ரூபாய் மூச்சு விட இடம் இருக்கும். மேலுமலையில் வண்டி திணறுகிறது, மனசு ஒப்பவில்லை என்றால் எட்டு லட்சத்துக்குள் பழைய எர்டிகா தேடுங்கள், தவணை கிட்டத்தட்ட இதேதான் வரும்.

இந்த ஏழு மாதமும் வங்கியில் மாதா மாதம் பணம் போடும் ஆர்.டி. ஒன்று தொடங்கி மாதம் 7,500 போடுங்கள். தவணை கட்டுவது போலவே ஐந்தாம் தேதி போட வேண்டும். ஏதாவது ஒரு மாதம் போட முடியாமல் போனால், கடன் வாங்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். போட்டுவிட்டால் 52,500 ரூபாய் சேர்ந்து, தனியே வைத்த 1.15 லட்சத்தோடு இருக்கும். அதுவரை சேலத்துக்கு மாமியாரோடு நீங்கள் இருவர் மட்டும் ஆல்டோவில் போய் வாருங்கள், எல்லோரும் சேர்ந்து போகும் நாளில் வாடகை வண்டி பிடியுங்கள்.

கடைசியாக, ஆல்டோவை விற்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நோ கிளைம் போனஸ் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் இருந்திருந்தால் புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விடாமல், ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். மாறும் வரை அந்த ஆல்டோ செய்யும் விபத்துக்கு உங்கள் கணவர் பெயருக்குத்தான் நோட்டீஸ் வரும்.